இஸ்மத் டீச்சரின் பெயர்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கியதும் ஆறுதலாக வாசியுங்கள்.

இது சினிமாவுக்குக் கதை எழுதிய ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றியது. சினிமா என்ற சொல்லைக் கண்டதுமே தள்ளிவிட்டுப் போக நினைப்பவர்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். படம் பாருங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் முதலில் ஒரு டீச்சர். எங்களைப் போல சோக்கட்டி பிடித்தவர், கொப்பி திருத்தியவர், பெண் பிள்ளைகளின் பாடசாலையொன்றுக்கு அதிபராக இருந்தவர். அதனால்தான் எங்களுக்கு அவர்மேல் இந்தப் பிடிப்பு. ஆசிரியப் பயிற்சியில் ஒன்றாகப் படித்த நாங்கள் சிலர் இன்றும் வட்ஸ்அப் குழுவொன்றில் கதை, கட்டுரை பகிர்ந்து வாசிக்கிறோம். கொஞ்ச நாளாக அங்கே இவருடைய பேச்சுத்தான்.

பெயர் இஸ்மத் சுக்தாய். 1915 ஆகஸ்ட் 21ஆம் திகதி வட இந்தியாவில் பதாயூன் என்ற ஊரில் பிறந்தார். வாப்பா அரச உத்தியோகத்தர். ஆறு ஆண், நான்கு பெண் என்று பத்துப் பிள்ளைகள் உள்ள வீடு. இவர் ஒன்பதாவது. ராத்தாமார் மூவரும் முன்னமே கல்யாணம் முடித்துப் போய்விட, இவர் வளர்ந்தது முழுக்க நானாமாரோடு. மரம் ஏறினார், குதிரை ஓட்டினார், பந்து விளையாடினார். தையலும் சமையலும் பழகு என்று உம்மா சொன்னபோது, படிக்கப் போகிறேன் என்று நின்றார். படிக்க அனுப்பாவிட்டால் வீட்டைவிட்டு ஓடிப்போய் மிஷன் பாடசாலையில் சேர்ந்துவிடுவேன் என்று வாப்பாவையே பயமுறுத்தியதாக அவர் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். வாப்பா கடைசியில் இறங்கி வந்தார். அலிகாரில் முஸ்லிம் பெண்களுக்கென்று ஷேக் அப்துல்லா நடத்திய கல்விக்கூடத்தில் படித்து, பிறகு லக்னோவில் பட்டம் எடுத்து, மறுபடி அலிகாருக்கு வந்து ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் எடுத்தார். இந்தியாவின் முஸ்லிம் பெண்களில் இந்த இரண்டு பட்டத்தையும் பெற்ற முதலாமவர் என்று அவரைச் சொல்வார்கள்.

பிறகு உத்தியோகம். பரேலியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளின் பாடசாலைக்கு அதிபர். அதன்பின் ஜோத்பூரில் படிப்பிப்பு. பிறகு பம்பாய்க்கு வந்து மாநகரப் பாடசாலைகளைப் பார்வையிடும் அதிகாரி. எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் சொல்வார்களே வித்தியாதரிசி என்று, அந்த வேலை. இதெல்லாம் அவருக்கு முப்பது வயது ஆவதற்குள்.

எழுத்து அந்த வேலையோடு சேர்ந்தே வந்தது. அவருடைய நானா மிர்ஸா அஸீம் பேக் சுக்தாய் அப்போதே பெயர் பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். தங்கச்சிக்கு ஆங்கிலமும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். 1939இல் ‘ஸாகி’ என்ற உருதுச் சஞ்சிகையில் இஸ்மத்தின் முதல் ஆக்கம் வெளிவந்தது. ‘ஃபஸாதி’ என்ற நாடகம். வாசித்தவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? நானாதான் ஒரு பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று. ஒரு பெண் பிள்ளை இப்படி எழுதுமா என்பதுதான் அவர்களுடைய யோசனை.

எங்கள் குழுவில் இந்த இடத்தை வாசித்தபோது எல்லோரும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

இஸ்மத் அதற்காகப் பேனையை வைத்துவிடவில்லை. இன்னும் எழுதினார். சொந்தப் பெயரில்தான் எழுதினார். 1942இல் லாகூர்ச் சஞ்சிகையொன்றில் வந்த ‘லிஹாஃப்’ என்ற சிறுகதை அவரை நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனது. லிஹாஃப் என்றால் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. பெரிய வீட்டுக்கு மணமுடித்து வந்து, கணவன் திரும்பியும் பார்க்காத ஒரு பேகத்தின் தனிமையையும், அந்தத் தனிமை போய்ச் சேர்ந்த இடத்தையும், ஒன்றும் விளங்காத ஒரு சிறுமி சொல்வதுபோல எழுதிய கதை. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். அழைப்பாணை வந்தபோது வீட்டில் கைக்குழந்தை. வெள்ளைக்காரன் காலமல்லவா, வழக்கு மன்னர் ஆறாம் ஜோர்ஜின் பெயரில் வந்தது. மன்னருக்கு என்மேல் என்ன கோபம் என்று இவருக்குச் சிரிப்பு வந்ததாம்.

அதே காலத்தில் ஸஆதத் ஹஸன் மன்டோவுக்கும் ஒரு கதைக்காக லாகூரில் வழக்கு இருந்தது. இருவரும் போய் நீதிமன்றத்தில் நின்றார்கள். இடையில் கடைத்தெருவுக்குப் போய்ச் செருப்பு வாங்கினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னவர்கள் இருந்தார்கள். இஸ்மத் கேட்கவில்லை. சாட்சி சொல்ல வந்தவர்களால் கதையில் இன்ன சொல் ஆபாசம் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. வழக்குத் தள்ளுபடியானது.

இஸ்மத் சுக்தாய் என்றால் இன்றைக்கும் எல்லோரும் இந்த ஒரு கதையையும் இந்த ஒரு வழக்கையும்தான் சொல்கிறார்கள். அவருக்கே அது அலுத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அவர் எழுதினார். அதில் பெரும் பகுதி சினிமாவோடு போனது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு.

1942இல் அவர் ஷாஹித் லத்தீஃபை மணம் முடித்தார். ஷாஹித் அலிகாரில் படித்தவர், பம்பாய்த் திரையுலகில் கதை வசனம் எழுதிக்கொண்டிருந்தவர், பிறகு இயக்குநர். அவர் வழியாகத்தான் இஸ்மத் திரைக்கு வந்தார்.

அந்தக் காலத்துப் பம்பாய் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1931இல் ‘ஆலம் ஆரா’ வந்ததோடு இந்தியப் படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. பேசத் தொடங்கினால் பேச்சு எழுத ஆள் வேண்டும். உருது எழுத்தாளர்கள் வேலை தேடி பம்பாய்க்கு வந்தார்கள். மன்டோ, கிருஷன் சந்தர், ராஜிந்தர் சிங் பேதி, குவாஜா அஹ்மத் அப்பாஸ் என்று பெரிய வரிசை. சஞ்சிகைகள் கொடுக்கும் காசில் குடும்பம் நடத்த முடியாது, படத்துக்கு எழுதினால் வீட்டு வாடகை கட்டலாம். இந்த வரிசையில் பெண் என்று தேடினால் விரல் விட்டு எண்ணலாம். பெண்கள் திரைக்கே வரவில்லை என்று சொல்லவில்லை. ஃபாத்மா பேகம் என்ற முஸ்லிம் பெண் 1926இலேயே சொந்தக் கம்பனி தொடங்கிப் படம் இயக்கிவிட்டார். ‘ஆலம் ஆரா’வின் கதாநாயகி ஸுபைதா அவருடைய மகள்தான். ஆனால் நடிகைகள் திரையில் பேசும் பேச்சைப் பெரும்பாலும் ஆண்கள்தான் எழுதினார்கள். ஒரு உம்மா மகளிடம் எப்படிப் பேசுவாள், மாமி மருமகளை எப்படிக் குத்திக் காட்டுவாள் என்பதையெல்லாம் வெளி விறாந்தையில் இருந்தவர்கள் ஊகித்து எழுதினார்கள்.

இஸ்மத்துக்கு ஊகிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் உள்வீட்டில் வளர்ந்தவர். வட இந்திய முஸ்லிம் வீடுகளில் பெண்களுக்கென்று ஒரு உருது இருந்தது. பழமொழியும் சாபமும் பகிடியும் செல்லமும் கலந்த பேச்சு. நம்முடைய உம்மம்மாமார் முற்றத்தில் பாயை விரித்து வைத்துப் பேசுவார்களே, எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்தத் தமிழ் மாதிரி ஒரு உருது. அதைத்தான் அவர் கதைகளில் எழுதினார். அந்தக் காதோடுதான் சினிமாவுக்கும் போனார்.

முதல் படம் 1948இல் வந்த ‘ஜித்தி’. பிடிவாதக்காரன் என்று பொருள். அவருடைய சொந்த நாவலையே திரைக்கதையாக மாற்றிக் கொடுத்தார். பணக்கார வீட்டுப் பையன் வேலைக்காரக் குடும்பத்துப் பெண்ணை விரும்பும் கதை. ஷாஹித் லத்தீஃப் இயக்கம், பம்பாய் டாக்கீஸ் தயாரிப்பு. தேவ் ஆனந்துக்குப் பெரிய வெற்றியைக் கொடுத்த முதல் படம் அதுதான். கிஷோர் குமார் முதன்முதல் தனியாகப் பின்னணி பாடியதும் அதில்தான். இந்த இரண்டு தகவலையும் பழைய இந்திப் பாட்டுக் கேட்கும் நம் ஊர் மூத்த காக்காமார் உடனே சொல்வார்கள். கதை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்காது. திரைக்கதை எழுதுகிறவர்களின் நிலைமை அப்படித்தான். படம் தொடங்கும்போது எழுத்தோட்டத்தில் பெயர் வரும், போகும். அந்த நேரம் சனம் இருக்கை தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்து 1950இல் ‘ஆர்ஸூ’. திலீப் குமாரும் காமினி கௌஷலும் நடித்தது. 1953இல் ‘ஃபரேப்’. இதில் கணவரோடு சேர்ந்து இயக்குநராகவும் தன் பெயரைப் போட்டார். பிறகு இருவரும் ‘ஃபில்மினா’ என்று ஒரு தயாரிப்புக் கம்பனியும் தொடங்கினார்கள். அதாவது கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு என்று நான்கு வேலையிலும் கைவைத்த பெண். கூடவே இரண்டு பெண் பிள்ளைகளின் உம்மா. கூடவே ‘டேடி லகீர்’ போன்ற நாவல்களும் சிறுகதைகளும் வேறு.

அந்தக் கம்பனியில் 1958இல் வந்த ‘சோனே கி சிடியா’வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தங்கக் குருவி என்று தமிழில் சொல்லலாம். நூதன் நடித்தது. ஒரு அநாதைப் பெண். சொந்தக்கார வீட்டில் வேண்டாத சோறு தின்று வளர்கிறாள். அவள் நடித்தால் காசு வரும் என்று தெரிந்த நாளிலிருந்து அதே வீடு அவளைத் தாங்குகிறது. அவள் உழைக்க, வீடே உட்கார்ந்து தின்கிறது. விரும்பி வந்தவனுக்கும் கடைசியில் அவளுடைய காசில்தான் கண். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒருவருமில்லை.

இது சினிமாக்காரியின் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். நடிகை என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன எத்தனை ராத்தாமாரை நமக்குத் தெரியும்? காசு வரும்வரை மகாராணி. காசு நின்றால், அல்லது உடம்பு முடியாமல் திரும்பி வந்தால், வீட்டில் பாய் விரிக்க இடமில்லை. கட்டிய வீடு ஒருவர் பேரில், வாங்கிய முச்சக்கர வண்டி இன்னொருவர் பேரில். அப்படிப்பட்ட உம்மாமாரின் பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். 1958இல் பம்பாயில் ஒரு பெண் எழுதியதை அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லாமலே விளங்கும்.

அவருடைய சிறுகதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ‘சௌத்தி கா ஜோடா’ படமல்ல, கதை. ஒரு விதவை உம்மா. துணி வெட்டுவதில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் இரண்டு குமர். மூத்தவளுக்காகக் கல்யாண உடுப்பு தைத்துத் தைத்து வைக்கிறார், மாப்பிள்ளை வரவில்லை. உறவுக்காரப் பையன் ஒருவன் வேலைப் பயிற்சிக்காக அந்த ஊருக்கு வந்து இவர்கள் வீட்டில் தங்குகிறான். இவன்தான் மாப்பிள்ளை என்று நம்பி, இருக்கும் நகையை விற்று அவனுக்கு ஆக்கிப் போடுகிறார்கள். அவன் நன்றாகத் தின்றுவிட்டு, தங்கச்சிக்காரியின் மானத்திலும் கை வைத்துவிட்டு, வேறிடத்தில் பேசிய கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போகிறான். காசநோயில் மூத்தவள் மௌத்தாகிறாள். அந்த உம்மா அதே கத்தரிக்கோலால் மகளுக்குக் கபன் துணி வெட்டுகிறார்.

குமர் காரியம் என்று பள்ளிவாசலில் சல்லி சேர்க்கும் சமூகம் நாம். சீதன வீடு கட்ட வாப்பாமார் கடலிலும் கட்டாரிலும் கரையும் சமூகம். இந்தக் கதையை எங்களில் ஒரு டீச்சர் குரல் பதிவாக வாசித்து அனுப்பினார். கபன் வெட்டும் இடத்தில் அவருடைய குரல் நின்றுவிட்டது. மீதியை மறுநாள்தான் அனுப்பினார்.

இனி ‘கரம் ஹவா’. அனல் காற்று. இஸ்மத்தின் திரை வாழ்க்கையில் இதுதான் உச்சம் என்பது எங்கள் எண்ணம்.

1947இல் நாடு பிரிந்தபோது இஸ்மத்தின் குடும்பத்திலும் சிலர் பாகிஸ்தானுக்குப் போனார்கள். அவர் பம்பாயிலேயே இருந்துவிட்டார். அந்தக் காலத்தில் தன் குடும்பம் பட்ட பாட்டை வைத்து அவர் ஒரு கதை வைத்திருந்தார். அச்சில் வராத கதை. அதை இயக்குநர் எம்.எஸ். சத்யுவுக்கும் அவருடைய மனைவி ஷமா ஸைதிக்கும் சொன்னார். ஷமா ஸைதியும் கவிஞர் கைஃபி ஆஸ்மியும் அதைத் திரைக்கதை ஆக்கினார்கள். கைஃபி செருப்புத் தொழிலாளர்களோடு பழகியவர், அந்த அனுபவத்தையும் சேர்த்தார். ஒரு பெண் சொல்ல, இன்னொரு பெண் திரைக்கதை எழுத வந்த படம் என்பதை நாங்கள் விசேடமாகக் குறித்துக்கொண்டோம்.

ஆக்ராவில் செருப்புத் தொழிற்சாலை நடத்தும் ஸலீம் மிர்ஸா. பல்ராஜ் சாஹ்னி நடித்தார், படம் வெளிவரும் முன்பே இறந்தும் போனார். ஸலீமின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ரயில் ஏறுகிறார்கள். அவர் ஏறமாட்டேன் என்கிறார். நாங்கள் என்ன பிழை செய்தோம், ஏன் போக வேண்டும் என்பது அவருடைய நிலை. ஆனால் கடன் கொடுக்க வங்கியில் ஆளில்லை, வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லை. பரம்பரை வீடு, பாகிஸ்தானுக்குப் போன சகோதரனின் பெயரில் இருந்ததால் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது. மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையும் எல்லை தாண்டுகிறான், பிறகு வந்தவனும் தாண்டுகிறான். அந்த மகளின் முடிவை இங்கே எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த வீட்டில் ஒரு மூத்தம்மா. மருமகளாக வந்து இறங்கிய வீடு. எல்லோரும் சாமான் ஏற்றிவிட்டுப் பார்த்தால் அவரைக் காணவில்லை. விறகு அடுக்கிய அறையில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

எங்களில் ஒருவரின் குடும்பம் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தது. இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். அவருடைய உம்மம்மா, அடுப்பில் சோறு இருக்கிறது, வடித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பத் திரும்பக் குசினிக்குள் போனாராம். தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். அந்த டீச்சர் இந்தக் கதையைப் பல தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், ஒரு நாளும் அழுததில்லை. விறகு அறைக் காட்சியில் அழுதார். எங்கள் வீட்டுக் கதையை ஆக்ராவில் யார் எழுதி வைத்தது என்று கேட்டார்.

அந்தப் படம் கலவரம் வரும் என்ற பயத்தில் தணிக்கையில் பல மாதம் இழுபட்டு, பிறகுதான் சனத்துக்கு வந்தது. கலவரம் ஒன்றும் வரவில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான இந்திய அரச விருது கிடைத்தது. சிறந்த கதைக்கான ஃபிலிம்பேர் விருது இஸ்மத்துக்கும் கைஃபிக்கும் சேர்த்துக் கிடைத்தது. 1976இல் பத்மஸ்ரீ. 1978இல் ஷியாம் பெனகலின் ‘ஜுனூன்’ படத்துக்கு வசனத்தில் பங்களித்ததோடு, அறுபது வயதைத் தாண்டிய நிலையில் அதில் நடிக்கவும் செய்தார். ஷாஹித் 1967இலேயே காலமாகிவிட்டார் என்பதையும் சேர்த்து நினையுங்கள். கணவரின் தயவில் திரைக்கு வந்தவர் என்று சொன்னவர்களுக்கு, கணவர் போன பிறகு எழுதிய ‘கரம் ஹவா’தான் பதில்.

1991 ஒக்டோபர் 24ஆம் திகதி பம்பாயில் காலமானார்.

ஒரு விடயத்தை மறைத்துவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை. தேடிப் பார்ப்பவர்களுக்கு முதல் பக்கத்திலேயே கிடைக்கும். தன் உடலை எரிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம், அப்படியே செய்தார்கள். 2020இலும் அடுத்த வருடத் தொடக்கத்திலும் நம்முடைய ஜனாஸாக்களைப் பறித்து எரித்த காலத்தைக் கண்ட நமக்கு, ஒரு பிஞ்சுக் குழந்தைக்காகக்கூட ஊரே அழுத நமக்கு, இது நெஞ்சில் இடிக்கும். எங்களுக்கும் இடித்தது. அவருடைய கொள்கைகள் எல்லாவற்றோடும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. அவருடைய கணக்கு அல்லாஹ்விடம். நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது அவருடைய உழைப்பையும், உள்வீட்டைப் பார்த்த அந்தக் கண்ணையும், எழுதியதற்குக் கீழே தன் பெயரைப் போட்ட துணிவையும்தான்.

இப்போது பெயர் விடயத்துக்கு வருகிறோம்.

பாடசாலைக் கலைவிழாவுக்கும் மீலாத் விழாவுக்கும் பிள்ளைகள் நாடகம் எழுதுவார்கள். நல்லதாக எழுதுவது அநேகமாகப் பெண் பிள்ளைகள். தரம் பத்து, பதினொன்று படிக்கும் பிள்ளைகள். வீட்டில் கேட்ட பேச்சை அப்படியே கொண்டுவந்து போடுவார்கள். கடன் கேட்டு வரும் மாமா, சீட்டுக் காசு கட்ட முடியாத சாச்சி, மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும் ராத்தா. வாசித்தால் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தொலைபேசி வரும்.

“டீச்சர், புள்ளட பேர மட்டும் போடாதீங்க. குமர்ப் புள்ள. நாளைக்கி நாலு பேர் நாலு கதை சொல்லுவாங்க. வேணுமெண்டா மகன்ட பேரப் போடுங்க.”

எந்தப் பிள்ளை, எந்த வாப்பா என்று தேட வேண்டாம். ஒரு வருடத்தில், ஒரு வீட்டில் நடந்ததல்ல இது. நாங்கள் வேறு வேறு ஊர்களில் படிப்பிக்கிறோம், எல்லோருக்கும் இந்த அழைப்பு வந்திருக்கிறது. அழைப்பவர்கள் கெட்டவர்களும் அல்ல. மகளின் ரியூசன் காசுக்காக இரவு பகலாக உழைக்கிற வாப்பாமார்தான். ஊர் வாய்க்குப் பயம். அந்தப் பயம் பொய்யல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து பாருங்கள். எழுதியது அவள். ஒத்திகையில் ஒவ்வொரு சொல்லையும் திருத்தியது அவள். மேடையில் வாசிக்கப்படுவது தம்பியின் பெயர், அவன் அந்த நேரம் மைதானத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கிறான். 1939இல் இஸ்மத் எழுதியதை நானா எழுதியது என்று வாசகர்கள் தவறாக நினைத்தார்கள். இங்கே நாமே முன்வந்து அந்தத் தவறைச் செய்து கொடுக்கச் சொல்கிறோம். அடுத்த வருடம் அந்தப் பிள்ளையிடம் நாடகம் எழுதுவோமா என்று கேட்டால், வேலை இருக்கு டீச்சர் என்கிறாள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அந்தக் கொப்பி பழைய பேப்பர்காரனுக்குப் போகிறது.

உம்முல் முஃமினீன் ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவித்த ஹதீஸ்களை அவர்களுடைய பெயரைச் சொல்லித்தான் ஆயிரத்து நானூறு வருடமாக ஓதுகிறோம். ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்த அறிவை அவளுடைய பெயரோடு பாதுகாத்த மார்க்கம் இது. மகளின் பெயரை மறைப்பது மார்க்கம் என்று எங்களிடம் சொல்பவர்களுக்கு இதை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

எல்லாப் பிள்ளையும் இஸ்மத் சுக்தாய் ஆகப்போவதில்லை. சினிமாவுக்கு எழுதப்போவதும் இல்லை. அது எங்கள் ஆசையும் அல்ல. ஆனால் சோனகத் தெருவின் குசினியில் அந்த நாள் என்ன வெந்துகொண்டிருந்தது என்பதை யார் எழுதுவது? அநேகமாக ஆண்கள்தான் எழுதியிருக்கிறார்கள். திகதி இருக்கிறது, தொகை இருக்கிறது, அறிக்கை இருக்கிறது. அடுப்பில் இருந்த சோறு இல்லை. அதை எழுதக்கூடியவள் உங்கள் வீட்டில், மேசை விளக்கடியில் உட்கார்ந்து கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தவணையும் நாடகம் போடப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். பெற்றோர்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டுதான். பிள்ளை எழுதியதை ஒரு தடவை நீங்களே வாசித்துப் பாருங்கள். பிடிக்காத இடம் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், இருந்து பேசுவோம். வாசித்துப் பிடித்திருந்தால், அவளுடைய பெயரை அறிவிக்கும்போது முன்வரிசையில் வந்து உட்காருங்கள். உம்மாமாரும் வாங்க, வாப்பாமாரும் வாங்க.

உங்கள் ஊர் உம்மம்மாமாரிடம் இப்படியான கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத வராவிட்டால் குரல் பதிவாக அனுப்புங்கள், எங்கள் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். யார் எழுதினார்களோ அவர்களுடைய பெயரோடு.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் அறிவில் பரக்கத் செய்வானாக. துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.